இன்டர்வியூவில் கண்ட குறையை ரெசிடென்சி புரோகிராமின் பெயர் போட்டு எழுதலாமா?

தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவ) ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே பெறும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பித்திருக்கும் ஒரு பெண் மருத்துவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் இன்டர்வியூவில் மூன்று விஷயங்கள் அவர் மனதை உறுத்தியிருக்கின்றன. அந்தப் பயிற்சித் திட்டத்தை நடத்தும் புரோகிராம் டைரக்டர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்து, பத்து நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டார். இன்னொரு மருத்துவர், “கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் எப்போது?” என்று கேட்டார். முந்தின நாள் மாலை ஜூமில், அங்கே பயிற்சியில் இருக்கும் ரெசிடென்டுகளோடு நடந்த சந்திப்பில் ஒருவர், “வாரத்துக்கு 80 மணிநேரத்தைத் தாண்டினாலும் குறைத்துத்தான் பதிவு செய்யச் சொல்கிறார்கள்” என்றார். பின்னால் வருகிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதையெல்லாம் ஆஸ்பத்திரியின் பெயரோடு ஆன்லைனில் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

எழுதுங்கள். ஆனால் இப்போது வேண்டாம், மூன்றையும் எழுதவும் வேண்டாம். அதிலும் மூன்றாவதை எப்போதுமே எழுத வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். நானும் இதே வழியில் வந்தவன்தான். பத்து வருடத்துக்கும் மேலாக ரெசிடென்டுகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். இன்டர்வியூ எடுத்திருக்கிறேன், யாரை எந்த இடத்தில் வைப்பது என்று முடிவு செய்யும் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கேள்வியை எளிதாகத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

உங்கள் கோபம் நியாயமானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரெசிடென்சி என்பது பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிற வேலை அல்ல. 1952-இலிருந்து நடக்கும் ‘மேட்ச்’ என்ற ஏற்பாட்டில், நீங்கள் ஒரு பட்டியல் கொடுக்கிறீர்கள், புரோகிராம்கள் ஒரு பட்டியல் கொடுக்கின்றன, கணினி இரண்டையும் பொருத்துகிறது. மார்ச் மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை வரும் முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும். போக மாட்டேன் என்று தன்னிச்சையாக மறுத்தால், மேட்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பு அடுத்து வரும் மேட்ச்களில் கலந்துகொள்ள விடாமல் தடை போடலாம். சம்பளம் பேரம் பேச வழியில்லை. இந்த முறை போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று 2002-இல் சில மருத்துவர்கள் வழக்குப் போட்டார்கள். 2004-இல் அமெரிக்க காங்கிரஸ் மேட்சுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது, வழக்கும் தள்ளுபடியானது. ஆக, பேரம் பேசவும் முடியாது, சேர்ந்த பிறகு எளிதில் வெளியேறவும் முடியாது. விண்ணப்பதாரரின் கையில் மிஞ்சுவது ஒன்றுதான்: எந்த இடம் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது.

அந்த ஒன்றும் இப்போது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. கொரோனா வந்த 2020-லிருந்து பெரும்பாலான இன்டர்வியூக்கள் கணினித் திரையில்தான் நடக்கின்றன. நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போனோம். செலவு கையைக் கடித்தது, ஆனால் வார்டில் நடந்து பார்த்தோம். மதியச் சாப்பாட்டின்போது ரெசிடென்டுகளின் முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். டைரக்டர் அறைக்குள் வந்ததும் சிரிப்புச் சத்தம் நின்றுபோன இடங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. இப்போது உங்களுக்குக் கிடைப்பது ஒரு காணொளி, சில சிலைடுகள், மூன்று நான்கு பேரோடு இருபது இருபது நிமிடப் பேச்சு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இங்கே அந்த ஒரு சோற்றைப் பொறுக்கி எடுத்து உங்களிடம் நீட்டுகிறவர்களே பானைக்குச் சொந்தக்காரர்கள். அதனால்தான் பிள்ளைகள் ரெடிட்டிலும் பகிரப்படும் கூகுள் ஷீட்டுகளிலும் ஒவ்வொரு வரியாகத் தேடிப் படிக்கிறார்கள். அதைக் குறைசொல்லும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளதைச் சொல்ல வேறு இடம் கொடுக்காதவர்கள், பிள்ளைகள் தாங்களாகவே ஓர் இடம் அமைத்துக்கொண்டார்கள் என்று வருத்தப்பட முடியாது.

சரி, அப்புறம் ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன்?

புரோகிராம்கள் மேட்சுக்குக் கொடுக்கும் பட்டியலை, அதாவது ரேங்க் லிஸ்டை, முடிவு செய்யும் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர். இன்டர்வியூவுக்கு வந்த நூறு இருநூறு பேரின் பெயர்கள் திரையில் ஓடும். மேலே இருக்கும் இருபது பேரைப் பற்றியும் கீழே இருக்கும் பத்துப் பேரைப் பற்றியும் பெரிய விவாதம் இருக்காது. நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருப்பார்கள். அங்கே யாராவது ஒருவர், “இவர் எழுதியதை ஆன்லைனில் பார்த்தேன்” என்று ஆரம்பித்தால் போதும். அவர் எழுதியது உண்மையா, நியாயமா என்று யாரும் விசாரிப்பதில்லை. “எதற்கு வம்பு” என்ற இரண்டு சொல்லில் பெயர் நாற்பது இடம் இறங்கிவிடும். நான் இருந்த ஒரு கூட்டத்தில் இது நடந்தது. அந்தப் பெண் குறை சொன்னது எங்களைப் பற்றிக்கூட இல்லை, வேறொரு ஊரின் ஆஸ்பத்திரியைப் பற்றி. நான் எதிர்த்துப் பேசினேன், ஆனால் போதிய அழுத்தத்தோடு பேசவில்லை. அது இன்னும் என்னை வருத்துகிறது. ஏன் கீழே இறக்கினோம் என்று எந்த புரோகிராமும் உங்களுக்குச் சொல்லாது. நீங்களும் காரணம் தெரியாமலேயே இருப்பீர்கள்.

எங்கள் தொழிலில் பெரியவர்கள் இளையவர்களின் சமூக ஊடகத்தை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு ஊரறிந்த சாட்சி ஒன்று உண்டு. ஜர்னல் ஆஃப் வாஸ்குலர் சர்ஜரி இதழில் வந்த ஓர் ஆய்வு, பயிற்சி முடிக்கும் இளம் ரத்தநாள அறுவை மருத்துவர்களின் கணக்குகளைத் தேடிப் பார்த்து, எதெல்லாம் தொழிலுக்கு ஒவ்வாதது என்று வகைப்படுத்தியது. அந்த வகைக்குள் நீச்சலுடைப் படமும் வந்தது, சர்ச்சைக்குரிய அரசியல் கருத்தும் வந்தது. 2020 ஜூலையில் உலகெங்கும் மருத்துவர்கள் ‘மெட்பிகினி’ என்ற குறிச்சொல்லோடு தங்கள் படங்களைப் போட்டு எதிர்த்தார்கள். இதழ் மன்னிப்புக் கேட்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நல்ல முடிவுதான். ஆனால் அப்படி எண்ணிய மனங்கள் ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை. அவர்களில் சிலர் இன்றும் தேர்வுக் குழுக்களில் இருக்கிறார்கள்.

இதில் வெளிநாட்டில் படித்து வருகிறவர்களின் நிலை இன்னும் மெலிந்தது. அமெரிக்க எம்டி கல்லூரிகளின் (அங்கே எம்டி என்பது அடிப்படை மருத்துவப் பட்டம்) இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மேட்ச் ஆகிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் அண்மை ஆண்டுகளில் அது அறுபதுக்கும் சற்றுக் கீழே. பன்னிரண்டு இன்டர்வியூ வைத்திருக்கும் அமெரிக்க மாணவர் ஒன்றை இழந்தால் பெரிய பாதிப்பில்லை. நான்கே நான்கு வைத்திருக்கும் நீங்கள் ஒன்றை இழந்தால் அது கால்பங்கு. அதற்கு மேல் விசா. அப்பா வாங்கிய கடன், மூன்று வருடப் பரீட்சைச் செலவு, அமெரிக்க ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக் கற்கும் அப்சர்வர்ஷிப்புக்காக யாரோ ஒருவரின் வீட்டு ஹாலில் படுத்துத் தூங்கிய மாதங்கள், இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு பதிவுக்காக அத்தனையையும் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பெயரைப் போடாமல் எழுதினால்? அமெரிக்காவில் உண்மையைச் சொன்னதற்காகவோ கருத்தைச் சொன்னதற்காகவோ அவதூறு வழக்கில் ஜெயிப்பது கடினம். ஆகவே சட்டம் உங்களுக்கு அவ்வளவு பெரிய பயமில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். “டைரக்டர் நாற்பது நிமிடம் தாமதம்” என்று எழுதினாலே எந்தத் தேதி என்று இன்டர்வியூக்களை ஏற்பாடு செய்யும் கோஆர்டினேட்டருக்குத் தெரிந்துவிடும். “குழந்தை எப்போது என்று கேட்டார்கள்” என்றால் பெண். வெளிநாட்டுப் பட்டதாரி என்பதற்கு ஒரு குறிப்பு இருந்தால் மிச்சம் இரண்டு பேர். முகமூடி போட்டுக்கொண்டு சொந்தக் குரலில் பேசுவதுபோலத்தான்.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். உங்களைவிட எளிதாக மாட்டிக்கொள்ளும் ஆள் ஒருவர் இருக்கிறார். ஜூமில் உங்களிடம் மனம் திறந்து பேசிய அந்த ரெசிடென்ட்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியில், இரண்டாம் வருட ரெசிடென்ட் ஒருவர் விண்ணப்பதாரர்களிடம் இரவுப் பணியின் உண்மை நிலையைச் சொன்னார். ஒரே இன்டர்ன் (முதல் வருட ரெசிடென்ட்) எத்தனை நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, சீனியர் டாக்டரைக் கூப்பிட்டால் என்ன பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்று. கேட்டவர்களில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் அதை ஆன்லைனில் எழுதினார். ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதிவிட்டார். இரண்டே நாளில், அன்று மாலை ஜூமில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் எடுத்தார்கள். அந்த ரெசிடென்டை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மதிப்பீட்டிலும் ‘தொழில்முறை நடத்தை’ என்ற கட்டத்தில் ஒரு குறை எழுதப்பட்டது. ரெசிடென்சிக்கு அடுத்த சிறப்புப் பயிற்சியான ஃபெலோஷிப்புக்கு அவருக்குக் கிடைத்த பரிந்துரைக் கடிதம் வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த சீசனில் அந்த ஆஸ்பத்திரியின் ரெசிடென்டுகள் எல்லாரும் ஒரே வாசகத்தை ஒப்பித்தார்கள்: “நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி.” எழுதியவர் அடுத்த வருடக்காரர்களுக்கு உதவ நினைத்தார். நடந்ததோ, அவர்களுக்கு உண்மை கிடைத்துக்கொண்டிருந்த ஒரே வழியும் அடைபட்டது.

ரெசிடென்டுகளே ஏன் புகார் செய்யக்கூடாது என்று கேட்பீர்கள். செய்யலாம், வழியும் இருக்கிறது. ரெசிடென்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.ஜி.எம்.இ. ஒவ்வொரு வருடமும் ரெசிடென்டுகளிடம் ரகசியக் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணிநேரம், ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பு போன்ற விதிகள் மீறப்படுகின்றனவா என்று அதில் நேராகவே கேட்கிறார்கள். ஆனால் பதில் சொல்கிறவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர் உண்மையைச் சொல்லி, புரோகிராம் அங்கீகாரத்தை இழந்தால் நடுத்தெருவில் நிற்கப்போவது அவர்தான். நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டச் சொல்வது போன்றது. 2019-இல் பிலடெல்பியாவின் ஹானமன் ஆஸ்பத்திரி மூடப்பட்டபோது என்ன நடந்தது என்று எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். அது பண நெருக்கடியில் மூடப்பட்டது, புகாரால் அல்ல. ஆனாலும் 550-க்கும் மேற்பட்ட ரெசிடென்டுகளும் ஃபெலோக்களும் ஒரே கோடையில் வேறு இடம் தேடி அலைந்தார்கள். விசாவில் இருந்தவர்களுக்கு அது வேலைப் பிரச்சினையோடு நாட்டில் தங்கும் பிரச்சினையாகவும் ஆனது. அதைப் பார்த்தவர்கள் கருத்துக்கணிப்பில் ‘எல்லாம் நன்று’ என்று குறித்தால் அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

80 மணிநேர வரம்பு எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். 1984-இல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் லிபி சயான் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி, சேர்க்கப்பட்ட சில மணிநேரத்தில் இறந்துபோனார். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட ஷிஃப்டில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். பெண்ணின் அப்பா சிட்னி சயான் வழக்கறிஞர், பத்திரிகைக்காரர். அவர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி ஊரறியப் பேசினார், எழுதினார், விடவே இல்லை. 1989-இல் நியூயார்க் மாநிலம் 80 மணிநேர வரம்பைக் கொண்டுவந்தது. நாடு முழுக்க ஏ.சி.ஜி.எம்.இ. அதை விதியாக்கியது 2003-இல். பெயர் சொல்லி விமர்சித்தது பலன் தந்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேசியவர் யார்? அந்தத் துறையின் தயவு எதுவும் தேவைப்படாத ஒருவர். தான் இழக்கக்கூடிய மிகப் பெரியதை ஏற்கெனவே இழந்துவிட்ட ஒருவர். இன்டர்ன்களுக்கு அந்த வேலைநேரம் சயானுக்குத் தெரிவதற்குப் பல வருடம் முன்பே தெரியும்.

என் வாதம் இதுதான். ஒரு புரோகிராமின் குறையைப் பெயர் சொல்லி எழுதும் கடமை முதலில் எங்களுடையது. பயிற்சியை முடித்து வெளியே வந்து, போர்டு சான்றிதழும் (துறைத் தேர்வில் தேறியதற்கான சான்று) நிரந்தர வேலையும் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் பேச வேண்டும். மூன்று வருடம் உள்ளே இருந்து பார்த்தவர்கள் நாங்கள். நீங்கள் பார்த்தது ஒரு நாள். நாங்கள் பேசாததால்தான் அந்தப் பாரம் உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. அடுத்ததாகப் பேசக்கூடியவர்கள், ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் ரெசிடென்டுகள். 1999-இலிருந்து தனியார் ஆஸ்பத்திரி ரெசிடென்டுகளும் தொழிலாளர் சட்டப்படி ஊழியர்கள்தான். சேர்ந்து குரல் கொடுப்பதற்கு அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. 2023 மே மாதம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் உள்ள எல்ம்ஹர்ஸ்ட் ஆஸ்பத்திரியில் 150-க்கும் மேற்பட்ட ரெசிடென்டுகள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு பெற்றார்கள். அவர்களில் வெளிநாட்டுப் பட்டதாரிகள் ஏராளம். தனியாக நின்றால் ‘பிரச்சினைக்காரர்’ என்று பெயர் வாங்கியிருப்பார்கள்.

இனி உங்கள் மூன்று விஷயங்கள்.

தாமதமாக வந்த டைரக்டரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். அன்று ஐசியூவில் யாருக்காவது உயிர் போய்க்கொண்டிருந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வருத்தம்தான், ஆனால் அதை வைத்து ஒரு பயிற்சியின் தரத்தை எடைபோட முடியாது.

கல்யாணம், குழந்தை பற்றிய கேள்வி அப்படியல்ல. குடும்ப நிலை பற்றிய கேள்விகளைத் தவிர்க்க வேண்டும் என்பது மேட்சில் பங்கேற்கும் புரோகிராம்களுக்கு என்.ஆர்.எம்.பி. வகுத்த நடத்தை விதி. வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள், எங்களை எத்தனையாவதாக வைப்பீர்கள் என்று துருவக் கூடாது என்பதும் அதே விதிகளில்தான் வருகிறது. இன்றே உட்கார்ந்து தேதி, நேரம், கேட்டவர் பெயர், கேட்ட சொற்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் முடிந்த பிறகு என்.ஆர்.எம்.பி.க்குப் புகார் அனுப்புங்கள். பதிவாகவும் எழுதுங்கள், ஆஸ்பத்திரியின் பெயரோடு. இது நீங்கள் நேரில் கேட்டது, உங்களுக்கே நடந்தது. யாரிடமிருந்தும் கடன் வாங்கிய செய்தி அல்ல. “இன்ன வருட இன்டர்வியூவில் என்னிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது” என்று மட்டும் எழுதினால் போதும். “நச்சு இடம்”, “பெண்களை மதிக்காதவர்கள்” என்று முடிவுரை சேர்க்காதீர்கள். அந்தக் கேள்வியைப் படிக்கிற பெண் தானே முடிவு செய்துகொள்வாள். இப்படிப்பட்ட பதிவு ஒன்றைப் பார்த்துவிட்டு, தன் குழுவில் இருந்த ஒரு மூத்த மருத்துவரை இன்டர்வியூ எடுப்பதிலிருந்தே விலக்கிய டைரக்டரை எனக்குத் தெரியும். கோபமாக எழுதப்பட்டிருந்தால் அவர் அதை ஓரம் தள்ளியிருப்பார் என்று அவரே என்னிடம் சொன்னார்.

மணிநேரக் கணக்கைப் பற்றி அந்த ரெசிடென்ட் சொன்னதை எழுதாதீர்கள், இப்போதும், மேட்சுக்குப் பிறகும். அதை உங்கள் ரேங்க் லிஸ்டில் பயன்படுத்துங்கள். 1998-இல் ஆல்வின் ராத்தும் இலியட் பெரான்சனும் திருத்தி அமைத்த மேட்ச் கணக்குமுறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் பட்டியலில் போடாத இடத்துக்கு அது உங்களை அனுப்பாது. நீங்கள் யாரை எங்கே வைத்தீர்கள், யாரை விட்டீர்கள் என்று எந்த புரோகிராமுக்கும் அது காட்டாது. நான்கு இன்டர்வியூ மட்டுமே உள்ளவர் ஒன்றை முழுவதுமாக விட்டுவிடச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கடைசி இடத்தில் வைக்கலாம். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அங்கே பயிற்சி முடித்து இரண்டு மூன்று வருடம் ஆன ஒருவரைத் தேடிப்பிடித்து போனில் பேசுங்கள். வேலை நெருக்கடி இருந்தும் நன்றாகக் கற்றுக்கொடுக்கிற இடங்கள் உண்டு, நெருக்கடி மட்டுமே உள்ள இடங்களும் உண்டு. வெளியே வந்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியும், சொல்லவும் பயமிருக்காது. அங்கீகார நிலையையும் ஏ.சி.ஜி.எம்.இ.யின் பொதுத் தளத்திலேயே பாருங்கள். எச்சரிக்கையிலோ கண்காணிப்பிலோ இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பட்டியலை உறுதி செய்ய மார்ச் தொடக்கம் வரை நேரம் இருக்கிறது. அந்த ரெசிடென்டுக்கு நன்றி சொல்ல நினைத்தால் சொல்லுங்கள். ஆனால் ஆஸ்பத்திரி மின்னஞ்சலுக்கு எழுதாதீர்கள், அவர் சொன்ன விஷயத்தை அதில் குறிப்பிடவும் வேண்டாம்.